வீடு இல்லை என்று சொன்னவர் பொய் சொன்னாரா?

வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. அது உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். திரும்பி நடக்கிறவருக்கு எது என்று தெரியப்போவதில்லை. வேலை கிடைக்காதவர் அந்த நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தார் என்று நாலு மாதத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். வீடு கிடைக்காதவர் அந்தத் தெருப்பக்கமே மறுபடி போகமாட்டார். வீட்டுப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்களெல்லாம் கடைசியில் வந்து நிற்பது இந்த முடிச்சில்தான். தனக்கு அநீதி நடந்ததையே அறியாதவர் எதைச் சொல்லிப் புகார் கொடுப்பார்?

இந்த முடிச்சோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய நாடு அமெரிக்கா. 1968-இல் அங்கே நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. சட்டத்தைப் புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு, ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. இரண்டு தரப்புமே சட்டத்தின் வாசகத்தைப் பார்க்கிற அளவுக்கு அதைச் செயல்படுத்தும் கைகளைப் பார்ப்பதில்லை என்பது என் கருத்து. அந்தச் சட்டத்துக்கு இருக்கும் உயிர், புகார் எழுதியவர்களும் பொய்யாக வீடு கேட்டுப் போனவர்களும் கொடுத்தது.

முன்கதை கொஞ்சம் தேவைப்படுகிறது. அடிமைமுறை ஒழிந்த கையோடு 1866-இலேயே, சொத்து வாங்க, விற்க, குத்தகைக்கு எடுக்க வெள்ளையருக்கு உள்ள உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்று சட்டம் போட்டார்கள். அது நூறு வருடம் தூங்கியது. கறுப்பர் குடியேறக்கூடாத தெருக்களை நகர சபைகளே வரையறுத்தன. லூயிவில் நகரம் போட்ட அப்படிப்பட்ட விதியை 1917-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், வேலையைக் கிரயப் பத்திரம் எடுத்துக்கொண்டது. இந்த இந்த இனத்தாருக்கு இந்த மனையை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி எழுதிப் பதிவு செய்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் 1945-இல் வாங்கிய வீட்டின் மேல் 1911-ஆம் வருடப் பத்திரம் ஒன்று அப்படிக் கிடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1948-இல் இத்தகைய பத்திரத்தை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்கள். அவர்களுடைய வீட்டுப் பத்திரத்திலும் அதே வாசகம் இருந்ததுதான் காரணம் என்று இன்றுவரை பரவலாகப் பேசப்படுகிறது.

தனியாரின் வெறுப்பு மட்டும் என்றால் காலப்போக்கில் கரைந்திருக்கலாம். அரசாங்கமே அதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தது. 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியது. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. டெட்ராய்ட்டில் 1941-இல் ஒரு கட்டுமானக்காரர் வெள்ளையருக்கான குடியிருப்பு போட நினைத்தார். பக்கத்திலேயே கறுப்பர் குடியிருப்பு இருந்ததால் அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. நடுவில் ஆறடி உயரத்துக்கு, அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார். கிடைத்துவிட்டது. உத்தப்புரம் தீண்டாமைச் சுவரைத் தெரிந்த நமக்கு இந்தக் கதைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. டெட்ராய்ட் சுவர் இன்னும் நிற்கிறது, அதன் மேல் இப்போது ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள்.

இந்தியர்களும் இதில் பார்வையாளர்களாக மட்டும் இருக்கவில்லை. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் வந்திறங்கிய வைஷ்ணோ தாஸ் பகாய் குடும்பம் பக்கத்து ஊரான பெர்க்லியில் ஒரு வீடு வாங்கியது. சாமான்களோடு போய் இறங்கியபோது அக்கம்பக்கத்தார் அந்த வீட்டை அடைத்துப் பூட்டியிருந்தார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த ஊரில் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார் அவர் மனைவி கலா. 1923-இல் பகத் சிங் தின்த் வழக்கில் இந்தியர்கள் வெள்ளையரல்லர், குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, பகாயின் குடியுரிமை பறிபோனது. கலிஃபோர்னியாவின் அந்நியர் நிலச் சட்டம் சொத்தையும் அவர் கையைவிட்டுப் போக வைத்தது. 1928-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணை உள்ளே விடாத பெர்க்லி நகரம் இன்று ஒரு தெருவுக்குக் கலா பகாய் வழி என்று பெயர் வைத்திருக்கிறது. ஏறத்தாழ நூறு வருடத் தாமதம்.

1968 சட்டம் சுலபமாக வரவில்லை. 1966-இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவின் ஏழைப் பகுதி ஒன்றில் வாடகைக்குக் குடியேறி, திறந்த குடியிருப்புக்காக ஊர்வலம் போனார். மார்க்கெட் (Marquette) பூங்கா அருகே எறியப்பட்ட கல் அவர் தலையில் பட்டது. மில்வாக்கி நகரில் பாதிரியார் ஜேம்ஸ் குரோப்பியும் இளைஞர்களும் இருநூறு இரவுகள் ஊர்வலம் போனார்கள். செனட்டில் மசோதாவைத் தூக்கிச் சுமந்தவர்கள் வால்டர் மாண்டேலும் எட்வர்ட் புரூக்கும். கறுப்பரான புரூக், உலகப் போரில் நாட்டுக்காகச் சண்டையிட்டுத் திரும்பிய தனக்கே விரும்பிய இடத்தில் வீடு கிடைக்காத கதையை அவையில் சொன்னார். 1968 ஏப்ரல் 4-இல் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரங்கள் எரிந்தன. ஏப்ரல் 11-இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். ஒரு கொலை நடக்காமல் அந்த மசோதா பிரதிநிதிகள் சபையைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

முதலில் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகிய நான்கைச் சொல்லித்தான் வீடு மறுக்கக்கூடாது என்றிருந்தது. 1974-இல் பாலினம் சேர்ந்தது. 1988-இல் உடல், மனக் குறைபாடும், குழந்தைகளோடு வசிப்பதும் சேர்ந்தன. ஆனால் முதல் இருபது வருடம் சட்டத்தைச் செயல்படுத்தும் துறைக்குப் பல் கிடையாது. வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை, அமெரிக்கர் வாய்வழக்கில் 'ஹட்', இரண்டு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசலாம், அவ்வளவுதான். வீட்டுக்காரர் முடியாது என்றால் கோப்பை மூட வேண்டியதுதான். 1988 திருத்தம்தான் துறை நீதிபதிகளையும் அபராதத்தையும் கொண்டுவந்தது.

விதிவிலக்குகளில் ஒன்று சுவையானது. நான்கு குடியிருப்பு வரை உள்ள கட்டடத்தில் வீட்டுக்காரரும் ஒன்றில் குடியிருந்தால் சட்டம் பெரும்பாலும் அவரைத் தொடாது. தன் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டு வயிறு கழுவும் மர்ஃபி என்ற கற்பனை விதவை ஒருத்தியை உதாரணம் காட்டி இதை வாங்கினார்கள். ஆனால் அந்த அம்மாளும் 'இன்னார் வர வேண்டாம்' என்று விளம்பரம் மட்டும் செய்யக்கூடாது. மறுக்கலாம், வெளியே சொல்லக்கூடாது! இதிலும் இனத்தைச் சொல்லி மறுக்கும் சலுகை இரண்டே மாதத்தில் போய்விட்டது. ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம், தூங்கிக்கொண்டிருந்த 1866 சட்டத்தை எழுப்பி, அது தனியாரையும் கட்டுப்படுத்தும் என்றது. அந்தச் சட்டத்தில் மர்ஃபி அம்மாளுக்கு இடமில்லை.

இனி புகாருக்கு வருவோம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் ஹட் துறைக்குப் புகார் அனுப்பலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் நேரே மத்திய நீதிமன்றத்துக்கும் போகலாம். நூறு நாளில் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுத்துக்கொண்டே போவது அங்கும் உண்டு. புகார் கொடுத்தவரை வீட்டுக்காரர் மிரட்டினாலோ காலி செய்யச் சொன்னாலோ அதுவே தனிக் குற்றம். குடியுரிமை, விசா எதுவும் கேட்டு இந்தப் பாதுகாப்பு கொடுக்கப்படுவதில்லை. எச்1பி விசாவில் போய், கைக்குழந்தையோடு வீடு தேடும் தமிழ்க் குடும்பத்துக்கும் இது பொருந்தும் என்பது அங்கே இருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இவ்வளவு வாசல் இருந்தும் புகார்க் கணக்கைப் பார்த்தால் ஒரு புதிர் தெரியும். தேசிய நியாய வீட்டுவசதிக் கூட்டணி தொகுத்தபடி 2023-இல் நாடு முழுவதும் பதிவான புகார்கள் 34,150. அவற்றில் பாதிக்கு மேல் உடல், மனக் குறைபாடு தொடர்பானவை. கிங் உயிரைக் கொடுத்தது இனப்பாகுபாட்டுக்கு எதிராக. அது குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? கூடாது. சக்கர நாற்காலிக்காரர் வாசல்படியில் சாய்தளம் கேட்கிறார், வீட்டுக்காரர் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார், சில சமயம் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுகிறார். மறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் புகாராகிறது. தோலைப் பார்த்து மறுக்கிறவர் ஐம்பது வருடத்தில் நாகரிகம் கற்றுக்கொண்டுவிட்டார். கைகுலுக்குகிறார், காப்பி தருகிறார், "அடடா, நேற்றுத்தான் போச்சு" என்று வருத்தப்படுகிறார். எந்தப் பாகுபாடு கண்ணில் படுகிறதோ அதன் அளவைத்தான் புகார் எண்ணிக்கை காட்டும்.

கண்ணில் படாததைப் பிடிக்கக் கண்ட வழிதான் இரட்டைச் சோதனை. வருமானம், வேலை, குடும்ப அளவு எல்லாம் ஒன்றுபோல அமைத்து இரண்டு பேரைத் தயார் செய்வார்கள், ஒருவர் வெள்ளையர், மற்றவர் அல்லர். கொஞ்ச நேர இடைவெளியில் ஒரே தரகரிடம் ஒரே வீட்டைக் கேட்டு இருவரும் போவார்கள். எத்தனை வீடு காட்டினார், எவ்வளவு அட்வான்ஸ் கேட்டார், எந்தப் பேட்டையைப் பற்றி என்ன சொன்னார் என்று ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியே எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, தரகரின் புன்னகைக்குப் பின்னால் இருந்தது தெரிந்துவிடும்.

வர்ஜீனியாவின் ஹென்ரைகோ கவுண்டியில் 1978 மார்ச்சில் சில்வியா கோல்மன் என்ற கறுப்பினப் பெண் ஒரு நிறுவனத்திடம் போய் வீடு கேட்டார். எதுவும் காலி இல்லை. அதே நாளில் ஆர். கென்ட் வில்லிஸ் என்ற வெள்ளையர் கேட்டார். இருக்கிறதே! இருவரும் வெவ்வேறு நாட்களில் திரும்பத் திரும்பப் போனார்கள், பதில் மாறவில்லை. வழக்கு 1982-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நிறுவனத்தின் வாதம் எளிமையானது: இவர்களுக்கு வீடே வேண்டாம், நாடகம் ஆடியவர்களுக்கு என்ன நஷ்டம்? நீதிமன்றம் ஏற்கவில்லை. வீடு காலியாக இருக்கிறதா என்று கேட்பவருக்கு உண்மையான பதிலைப் பெறும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது, பொய் சொன்ன நொடியிலேயே கோல்மனுக்குத் தீங்கு நேர்ந்துவிட்டது என்றது. சோதனையாளர் என்ற வகையில் வில்லிஸுக்கு மட்டும் வழக்குத் தொடர உரிமையில்லை, அவரிடம்தான் உண்மையைச் சொல்லியிருந்தார்களே! இந்தத் துறையில் நான் வாசித்த தீர்ப்புகளில் இவ்வளவு கச்சிதமான தர்க்கம் வேறொன்றில்லை.

இத்தகைய சாட்சியங்களோடு போடப்பட்ட பழைய வழக்குகளில் ஒன்று, 1973-இல் நியூயார்க்கின் பெரிய வீட்டு முதலாளிகளான அப்பா, பிள்ளை இருவர் மேல் நீதித்துறை தொடுத்தது. 1975-இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே உடன்பாட்டில் முடிந்தது. பிள்ளையின் பெயர் டொனால்ட் டிரம்ப்.

ஹட் துறை பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாடளவில் இந்தச் சோதனையை நடத்திப் பார்த்திருக்கிறது. 2012-இல் 28 பெருநகரப் பகுதிகளில் எட்டாயிரத்துக்கும் அதிகமான இரட்டைச் சோதனைகள் நடந்தன. கதவை முகத்தில் அறைந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் வாடகைக்குக் கேட்ட கறுப்பருக்கு, வெள்ளையருக்குச் சொன்னதைவிட 11.4 விழுக்காடு குறைவான வீடுகளே சொல்லப்பட்டன. சொந்த வீடு வாங்கப் போன ஆசியர்களுக்குச் சொல்லப்பட்டவை 15.5 விழுக்காடு குறைவு. கைநிறையச் சம்பளம் வாங்கும் நம்மவரை யார் ஒதுக்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்கலாம். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் 'நியூஸ்டே' பத்திரிகை 25 சோதனையாளர்களை மறைவான கேமராவோடு 93 தரகர்களிடம் அனுப்பி, மூன்று வருட உழைப்பில் 2019 நவம்பரில் வெளியிட்ட தொடரில், கறுப்பினச் சோதனையாளர்களுக்கு 49 விழுக்காடு சோதனைகளில் வேறுபட்ட நடத்தை கிடைத்தது. ஆசியர்களுக்கு 19.

கேட்பவரும் கொடுப்பவரும் முகம் பார்க்காத காலம் வந்துவிட்டதால் இது தீர்ந்துபோகும் என்றார்கள். 2016-இல் 'புரோபப்ளிகா' செய்தியாளர்கள் பேஸ்புக்கில் வீட்டு விளம்பரம் கொடுக்கப் போனபோது, குறிப்பிட்ட இனத்தார் கண்ணில் படாமல் அதை மறைக்க வசதி இருந்தது. இதைவிட மௌனமான மறுப்பு இருக்க முடியாது. விளம்பரம் வந்ததே தெரியாதவருக்கு, மறுக்கப்பட்டது எப்படித் தெரியும்? வழக்குகள் வந்து, 2019-இல் அந்த வசதியை எடுத்தார்கள். 2022-இல் நீதித்துறையோடு செய்த உடன்பாட்டில் யாருக்கு எந்த விளம்பரம் போகிறது என்று தீர்மானிக்கும் நிரலையும் மாற்ற ஒப்புக்கொண்டார்கள். விலை மதிப்பீட்டிலும் இதே கதை. கலிஃபோர்னியாவின் மரின் சிட்டியில் ஒரு கறுப்பினத் தம்பதியின் வீட்டை மதிப்பீட்டாளர் 9,95,000 டாலர் என்றார். குடும்பப் படங்களைக் கழற்றிவிட்டு, வெள்ளைக்காரத் தோழியைச் சொந்தக்காரர்போல நிற்கவைத்து வேறொருவரை அழைத்தார்கள். 14,82,500 டாலர்.

பாகுபாட்டைக் கண்டுபிடித்துப் புகாராக்கும் வேலையின் பெரும்பகுதியை அரசு செய்வதில்லை. 2023-இன் புகார்களில் நான்கில் மூன்று பங்கைக் கையாண்டவை லாபநோக்கற்ற தனியார் அமைப்புகள். சோதனையாளரைத் தேடிப் பயிற்சி கொடுப்பதும், புகார் எழுத உதவுவதும் அவர்கள்தான். அவர்களுக்கு வரும் மத்திய மானியத்தில் பலவற்றை 2025 பிப்ரவரியில் ஹட் பாதியில் ரத்து செய்ய, அமைப்புகள் நீதிமன்றம் போயின. சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் சட்டத்தைப் படுக்கவைக்க முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நம் பக்கம் திரும்பினால், அமெரிக்கச் சட்டத்துக்குத் தெரியாத ஒரு பாகுபாட்டைக் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்கள் நாம். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் வேலை, குடியிருப்பு, பொது இடங்களில் சாதி பார்ப்பதைத் தடை செய்தது. கொண்டுவந்த மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய இதேபோன்ற மசோதாவை அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார், இருக்கிற சட்டங்களே போதும் என்று.

இங்கே நிலைமை வேறு விதம். 'வெஜிடேரியன் மட்டும்' என்று டூலெட் போர்டில் எழுதி மாட்டுகிறோம். போனில் பெயர் கேட்கிறோம், பெயரில் பிடிபடாவிட்டால் சொந்த ஊர், அப்பா என்ன வேலை. புரோக்கர் அதற்கு முன்பே "பாய் வீட்டுக்கு அங்க குடுக்க மாட்டாங்க சார்" என்று உதவி செய்கிறார். அங்கே ஒளித்துச் செய்வதை இங்கே பலகை போட்டுச் செய்கிறோம். அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் என்று வரிசையாகச் சொல்கிறது, வாடகை வீட்டைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. அகமதாபாத்தின் பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்று வைத்த விதியை 2005-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றுவிட்டது. திருநர் சட்டமும் (2019) எச்ஐவி சட்டமும் (2017) அந்தந்தத் தரப்பினருக்கு வீடு மறுப்பதைத் தடுக்கின்றன. மதத்தைச் சொல்லி மறுப்பவரைத் தொட ஒரு சட்டமும் இல்லை.

பட்டியல் சாதியினருக்கு மட்டும் ஒரு பழைய ஆயுதம் இருக்கிறது, பலர் எடுத்துப் பார்ப்பதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் வீடு கட்ட, வாங்க, குடியிருக்கத் தீண்டாமையின் பேரில் தடை செய்வதைக் குற்றம் என்கிறது. 12-ஆவது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது மறுத்தவரின் வேலை. உள்நோக்கத்தை நிரூபிக்க அமெரிக்காவில் படும் பாட்டைப் பார்த்தவர்கள் இந்தப் பிரிவின் அருமையை அறிவார்கள். ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையம் போக, வீடு காலியாகத்தான் இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும். அதைத் திரட்டிக் கொடுக்கும் சோதனையாளர் குழுக்கள் நம்மிடம் வளரவில்லை. கல்வியாளர்கள் டெல்லி வட்டாரத்தில் இதே முறையில் ஆய்வு நடத்தி, தலித்துகளும் முஸ்லிம்களும் மறுக்கப்படுவதை 2015-இல் பதிவு செய்தார்கள். அது ஆய்விதழோடு நின்றது.

அமெரிக்காவில் வீடு தேடும் வாசகர்களுக்கு ஒன்று: விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள், பேசியவர் பெயர், தேதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் நண்பர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள், ஒரு வருடம் கடக்க விடாதீர்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு வேறொன்று. 2019-இல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், குத்தகைதாரர் சட்டம் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது, வாடகைத் தகராறைத் தீர்க்க அதிகாரிகளையும் அமர்த்தியிருக்கிறது. சாதி, மதம் பார்த்து வீடு மறுக்கவோ அப்படி விளம்பரம் செய்யவோ கூடாது, மீறினால் அதே அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு சேர்ப்பது சட்டமன்றத்துக்குப் பெரிய காரியமில்லை. சமூகநீதி பேசும் எல்லாக் கட்சிகளின் அடுத்த தேர்தல் அறிக்கையிலும் இந்தக் கோரிக்கை இடம்பெற வேண்டும்.